முத்துமாரி கையில செருப்பு

பாப்பா நந்தினி, உங்கம்மா எடுத்த போட்டோவ சத்துவாச்சாரில ஒரு ஹால்ல பெருசா பிரிண்ட் போட்டு மாட்டப் போறாங்களாம், நெசமாத்தான்.

நல்லா இருக்கியா, புனேல மழ எப்டி, இங்க நாங்க சொகம்தான், அப்பாவுக்கு முட்டி வலி கம்மி. வாய்ஸ்ல சொன்னா டபுள் ஸ்பீடுல ஓட்டிட்டு உம்முனு ஒன்னு அனுப்புவ, அதான் ஒக்காந்து டைப் பண்றேன், முழுசா படி. போன்ல தெருப் போட்டோ கிளாஸ் சேந்தேன்ல, வாணியம்பாடி தானிஷ் சார் நடத்துறது, சாருன்றேன், உன்ன விட சின்னப் பையன், ஆனா அவரு வீடியோ ஒன்னு விடாம பாத்துட்டேன், அப்டி எடுக்குறாரு. கேட்டுட்டு எடுத்தா போட்டோ செத்துப்போய்டும், கேக்காம எடுங்கன்றாரு. இன்னொருத்தரு வீடியோல கேக்காம எடுத்தா திருட்டுன்றாரு. யார் பேச்சக் கேக்குறது சொல்லு. சரின்னு போன புதன்கெழம ஷூ கம்பெனி விடுற நேரம் கேட்டு வாசலாண்ட போய் நின்னேன். போனத் தூக்குனதுதான், சிரிச்சிப் பேசிட்டு வந்த பொண்ணுங்க அத்தினி பேரும் கப்சிப், ஐடி கார்ட வெளிய எடுத்து வுட்டுக்கினு, மாஸ்க்க ஏத்திக்கினு லைனா நடக்குறாங்க. ஆர்டர் குடுக்குற வெளிநாட்டுக்காரன் ஆள் அனுப்பி கம்பெனிய செக் பண்ணுவான்ல, அந்த ஆடிட்டுன்னு நெனச்சிட்டாங்க. ஒருத்தி கிட்ட வந்து, மேடம் எங்களுக்கு தண்ணி, பாத்ரூம் எல்லாம் வசதியா இருக்குன்னு தானாவே சொல்றா.

முத்துமாரி மட்டுந்தான் போட்டோல மாட்டுனா, நம்ம பின் தெரு, தையல் செக்‌ஷன்ல இருக்கால்ல, அவதான். கேட்டத் தாண்டும்போது செருப்பு வார் அறுந்துபோச்சு, ஷூ கம்பெனிக்காரிக்கே செருப்பு அறுந்துச்சுடின்னு கூட வந்தவ ஓட்ட, இவ அதக் கையில தூக்கிக்கினு அண்ணாந்து சிரிக்கிறா. எடுத்துட்டேன். அதத்தான் சார் அந்த ஹால்ல மாட்ட செலக்ட் பண்ணாரு, ஆனா அடியில 'உலகத்துக்கே ஷூ தைப்பவள், வெறுங்காலோடு'ன்னு எழுதப் போறாராம். மொதல்ல எனக்குப் புல்லரிச்சிடுச்சு. அப்புறம் முத்துமாரி கிட்ட காட்டுனேன். போட்டோவப் பாத்து சிரிச்சவ, எழுத்தப் படிச்சதும் மூஞ்சி மாறிட்டா. இன்னாக்கா, வீட்ல மூணு ஜோடி வச்சிருக்கேன், என்ன இல்லாதவளாக்கிட்டியே, எம்பொண்ணு காலேஜ்ல யாராச்சும் பாத்தா இன்னா நெனப்பாங்கன்னா. மாட்டுன்னும் சொல்லல, வேணான்னும் சொல்லல. நேத்து தண்ணி புடிக்கும்போது என்னப் பாக்காத மாரி போறா. சார் கிட்ட சொன்னா, வெறுங்கால்தானக்கா, நான் இன்னா பொய்யா எழுதிட்டேன்னு கேக்குறாரு. பொய் இல்லதான், அப்போ எனக்கு ஏன் பேஜாரா இருக்கு. எழுத்து இல்லாம மாட்டுங்கன்னேன், எழுத்து இல்லன்னா அது சும்மா ஒரு பொம்பள சிரிக்கிற போட்டோதானேன்றாரு. உங்கப்பா கிட்ட கேட்டா, அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் குடுத்து இன்னொன்னு எடுன்றாரு, இவர்கிட்ட போய் கேட்டேன் பாரு.

வெள்ளிக்கெழமக்குள்ள பதில் சொல்லணும்டி, எனக்கு ஒன்னுமே ஓடல. நீ தலைக்கு எண்ணெ வை, ராத்திரி நூடுல்ஸோட நிறுத்தாத. நீ எடுத்த வேல எல்லாம் நல்லபடியா முடியணும், மவராசியா இரு. போட்டோவ எழுத்து இல்லாம கீழ வச்சிருக்கேன். உன் ரூம் பொண்ணுங்க எல்லாருக்கும் காட்டு, பேரு, கம்பெனி எதயும் சொல்லாத, மொதல்ல கண்ணுல பட்டது காலா சிரிப்பான்னு மட்டும் கேளு. சிரிப்புன்னா எழுத்து வேணான்னு சார் கிட்ட சண்ட போடுவேன், காலுன்னா போட்டோவயே திருப்பி வாங்கிக்குவேன். எதுவா இருந்தாலும் இந்த வாட்டி முத்துமாரியக் கேட்டுட்டுத்தான். எத்தினி பேரு இன்னா சொன்னாங்கன்னு இன்னிக்கே எழுது.

உன் அம்மா,
மோகனா, ஆம்பூர்