வில்லாபுரம் டெப்போவுக்கு வைத்த அரை மணி நேரம்

இன்று காலை என் திரையில் அந்தச் செய்திப் பெட்டி மறுபடியும் வந்து நின்றது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள், உன்னைச் சேர்க்க முடியாது என்று சொல்லும் அதே ஆங்கில வாக்கியம், அதே சிவப்பு வட்டம். சர்வர் அறைக்கே நடந்து போய்ப் பார்த்தேன். பட்டியலில் இருந்த அத்தனை பேரும் திரை மூலையில் உள்ள பெருக்கல் குறியைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஒருத்தரும் லாக் ஆஃப் செய்யவில்லை. ஆளுக்கொரு விலை உயர்ந்த ஃபோன் வைத்திருக்கிறார்கள், அதில் உலகத்துக்கே புத்தி சொல்கிறார்கள், இந்த ஒரு பட்டனை அமுக்கத் துப்பில்லை. ஒவ்வொருவராக வெளியே தள்ளும் கட்டளையை அடித்துக்கொண்டிருக்கும்போது உன் ஞாபகம் வந்தது. நீ செத்து இன்றோடு நாற்பது நாள் ஆகிறது, மாப்ள.

உன்னை மெச்சி எழுத உட்காரவில்லை. அந்த வேலையை உன் கம்பெனிக்காரர்கள் முடித்துவிட்டார்கள். 'தொழில்நுட்ப மேதை' என்று ஃபிளெக்ஸ் போர்டு அடித்து வாசலில் கட்டியிருந்தார்கள். உன் படத்துக்குப் பின்னால் நீல விளக்கு மின்னும் ஏதோ வெளிநாட்டு சர்வர் அறை. நம் சர்வர் அறை கக்கூஸை ஒட்டி இருந்ததும், மழை பெய்தால் நீ பெட்டிக்கு மேல் குடை விரித்து வைத்ததும் அதை அடித்தவனுக்கு எங்கே தெரியும்? இரங்கல் கூட்டத்தில் பேசியவர்களில் பாதிப் பேருக்கு நீ என்ன வேலை பார்த்தாய் என்பதே தெரியாது. "கம்ப்யூட்டர் எல்லாம் பாத்துக்குவாரு" என்று ஒருவர் முடித்துக்கொண்டார். உள்ளுக்குள் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியாமல் போனது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கப்பலூரில் தண்ணீர் மோட்டார் செய்யும் அந்தக் கம்பெனியில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். ஒரே பதவி, ஒரே மேஜை, ஒரே மின்விசிறி. மேலூர், உசிலம்பட்டி, அருப்புக்கோட்டை, வில்லாபுரம் என்று சுற்றிலும் பதினான்கு டெப்போக்கள். மோட்டார் மக்கர் செய்தால் விவசாயி டெப்போவுக்கு வந்து புகார் அட்டை எழுதிக் கொடுப்பார். டெப்போவில் இருக்கும் ஆபரேட்டர் தன் கம்ப்யூட்டரில் நம் கப்பலூர் சர்வரின் திரையை வரவழைத்து அதில் அட்டைகளை அடித்து ஏற்ற வேண்டும். அப்படி ஏறினால்தான் மெக்கானிக் கிளம்புவார். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததே தான் என்கிற மாதிரி வருகிறவர்களிடமெல்லாம் விளக்குவார் நம் மேனேஜர். அந்த மனுஷனுக்கு மானிட்டர் எது சர்வர் எது என்று கடைசிவரை தெரியாது. மின்னஞ்சலைப் பிரின்ட் எடுத்து, அதன் ஓரத்தில் பேனாவால் பதில் எழுதி, அதை நம்மை அடித்து அனுப்பச் சொன்னவர்.

சர்வரில் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குத்தான் இடம். டெப்போக்களோ பதினான்கு. யாராவது பெருக்கல் குறியைத் தட்டிவிட்டுப் போனால், ஆள் போன பிறகும் அவர் திறந்து வைத்த வேலை சர்வரில் இடத்தை அடைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். மற்றவர்கள் உள்ளே வர முடியாமல் நமக்கு ஃபோன் போடுவார்கள். காலை முழுக்க அதே ஃபோன், அதே கேள்வி. "லாக் ஆஃப் பண்ணுங்கண்ணே" என்று நீ கெஞ்சிக் கெஞ்சிச் சொன்னாய். உசிலம்பட்டிக்காரர் ஒருநாள் கம்ப்யூட்டரின் மின்சார ஒயரையே பிடுங்கிவிட்டு, "ஆஃப் பண்ணிட்டேன்ணே, இப்ப சரியா?" என்றார்.

அன்றைக்குத்தான் நீ ஒரு ஸ்கிரிப்டை, சர்வர் தானே ஓட்டிக்கொள்ளும் கட்டளை வரிசையை, எழுத ஆரம்பித்தாய். நோட்பேடில் நாற்பது வரி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அது தானாக எழுந்து, சர்வரில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுக்கும். இணைப்பு அறுந்து அரை மணி நேரத்துக்கு மேல் கிடக்கிற வேலை எதுவானாலும் மூடி வெளியேற்றும். யாரை வெளியேற்றியது, எத்தனை மணிக்கு என்று ஒரு கோப்பில் ஒரு வரி எழுதி வைக்கும். "மெஷின்ட்ட ஒருக்கா சொன்னாப் போதும் மாப்ள. மனுசன்ட்டதான் எம்புட்டுச் சொன்னாலும் ஏறாது" என்றாய். நாற்பது வரியில் பதினைந்து வரி உன் பெயரும் பெருமையும்தான். எழுதியவர் இன்னார், யாரும் கை வைக்காதீர், தேதி, நேரம் என்று கல்வெட்டு மாதிரி பொறித்து வைத்திருந்தாய்.

ஃபோன்கள் நின்றன. ஆயுத பூஜையன்று சர்வருக்குச் சந்தனம் வைத்தார்கள், உனக்குச் சால்வை போட்டார்கள். பூசணிக்காய் உடைத்த கையோடு மேனேஜர் கீபோர்டில் குங்குமத்தைக் கொட்டினார். நான் மூலையில் நின்று பொரிகடலை தின்றேன். நாற்பது வரி ஸ்கிரிப்டுக்குச் சால்வையா என்று வயிறு எரிந்தது. வெறும் எரிச்சல் இல்லை, பொறாமை. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

நீ அரை மணி என்று வைத்த காலத்தில் கரண்ட் போனால் கால் மணியில் வந்துவிடும். அடுத்த கோடையில் தினமும் இரண்டு மணி நேர வெட்டு ஆரம்பித்தது. மற்ற டெப்போக்களில் ஜெனரேட்டர் இருந்தது. வில்லாபுரத்தில் இருந்ததோ பேட்டரி உப்பிப் போன யூபிஎஸ். ஐந்து நிமிஷம் கத்திவிட்டு அடங்கிவிடும். அங்கே ஆபரேட்டராக இருந்தவர் பத்மா அக்கா. சௌராஷ்டிரக் குடும்பம், கணவர் இல்லை, அம்மாவையும் மகளையும் அந்தச் சம்பளத்தில்தான் வைத்திருந்தார். அந்த வேலை போனால் அவருக்கு வேறு வழி கிடையாது என்பது நமக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

ஐம்பது அட்டை ஒரு கட்டு. கட்டு முழுக்க அடித்து முடித்தால்தான் சேமிக்க முடியும். அப்படி ஒரு அழகான மென்பொருளை எழுதிக் கொடுத்த புண்ணியவான் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று பத்மா அக்கா முதலிலேயே கேட்டிருந்தார். நீதான் ஃபோனில் தைரியம் சொன்னாய். "பதறாதீங்கக்கா. நீங்க அடிச்சது பூராம் இங்கன கப்பலூர்ல பத்திரமா ஒக்காந்திருக்கும். கரண்ட் வந்ததும் தொறங்க, விட்ட எடத்துலயே இருக்கும்." ஸ்கிரிப்ட் வருவதற்கு முன்பு அது உண்மைதான். அவர் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். நீ சொன்னதை நீயே மறந்துபோனாய்.

பன்னிரண்டு மணிக்கு வில்லாபுரத்தில் கரண்ட் போகும். பன்னிரண்டரை தாண்டியதும் உன் ஸ்கிரிப்ட் அதுவரை அவர் அடித்திருந்த முப்பது நாற்பது அட்டைகளையும் துடைத்து எறியும். மூடுவதற்கு முன்னால் மரியாதையாக, 'இன்னும் பத்து நிமிடம், சேமித்துக்கொள்ளவும்' என்று எச்சரிக்கை வேறு அனுப்பும். இருண்டு கிடக்கும் திரையில் அதை யார் படிப்பது? இரண்டு மணிக்கு அவர் திறந்தால் காலிப் பக்கம் இருக்கும். மறுபடி முதலிலிருந்து அடிப்பார். கட்டுகள் தேங்கின. வலையங்குளம் பக்கத்து விவசாயி ஒருவர் கப்பலூர் வாசலுக்கே வந்து சத்தம் போட்டார். "அட்டைய எழுதிக் குடுத்துப் பதினோரு நாளாச்சு. வெண்டிக்கா பூராம் வாடிப்போச்சு. இம்புட்டுப் பெரிய கம்பெனில அனுப்ப ஒரு ஆளு இல்லையா?"

மேனேஜர் பத்மா அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். "அடிச்சேன் சார். கரண்ட் வந்து பாத்தா ஒண்ணையும் காணோம் சார்" என்றார் அவர். மற்ற டெப்போக்களுக்கு ஃபோன் போட்டுக் கேட்டார்கள். எங்கேயும் அப்படி நடக்கவில்லை. "அந்தம்மா மத்தியானம் தூங்குது. கேட்டா கம்ப்யூட்டர் தின்னுருச்சுங்குது" என்று மேனேஜர் எல்லார் எதிரிலும் சிரித்தார். சுற்றி நின்ற ஜால்ராக்களும் சிரித்தார்கள்.

எனக்குக் காரணம் தெரியும். அதற்கும் ஒரு வாரம் முன்பே உன் ஸ்கிரிப்ட் எழுதி வைக்கும் கோப்பைத் திறந்து பார்த்திருந்தேன். தினமும் பன்னிரண்டரையைத் தாண்டி வில்லாபுரம், வில்லாபுரம், வில்லாபுரம். பார்த்தவுடன் புரிந்தது. சொல்லவில்லை. சால்வை வாங்கியவன்தானே, அவனே கண்டுபிடிக்கட்டும், எத்தனை நாள் எடுக்கிறான் பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மேனேஜர் என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டார். "சர்வர் பக்கம் ஏதாச்சும் கோளாறு இருக்கா? வில்லாபுரம் விஷயமாக் கேக்கேன். தெரிஞ்சாச் சொல்லுப்பா."

"சர்வர்ல ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

அந்த வாரமே பத்மா அக்காவை நிறுத்திவிட்டார்கள். சாவியையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்கக் கப்பலூர் வந்திருந்தார். நம் அறைக்கு வெளியே நின்று அம்மாவிடம் தங்கள் பாஷையில் ஃபோனில் பேசினார். எனக்கு அதில் புரிந்தது கரண்ட், சர்வர் என்ற இரண்டு வார்த்தைகள்தான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எழுந்து வெளியே போனாய். கக்கூஸுக்குப் போய் ஒளிந்துகொண்டாய் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் உன் ஸ்கிரிப்டைத் திறந்தேன். முப்பது நிமிடம் நூற்றெண்பதாக மாறியிருந்தது. ஆக, உனக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒரு பெண்ணின் பிழைப்பு போனதைப் பார்த்துக்கொண்டு, எண்ணை மட்டும் நைசாக மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டாய். அப்படித்தான் முடிவு கட்டினேன். அன்றிலிருந்து உன்னைப் பார்த்தாலே காறித் துப்பத் தோன்றியது. "மாப்ள, டீக்கு வாரியா?" என்று நீ கேட்பாய். வேலை இருக்கிறது என்பேன். ஒரே மேஜையில் எட்டு மாதம் அப்படி ஓடியது. பிறகு நான் வேறு கம்பெனிக்குப் போனேன். உன் ஃபோன் வந்தால் எடுக்க மாட்டேன். உன்னைப் பற்றி யாராவது கேட்டால், "அவனா? கோழைப் பய" என்பேன். பதினைந்து வருஷம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

நீ போன மூன்றாம் நாள் வண்டியூரில் உன் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தேன். வராமல் இருந்தால் நான்கு பேர் பேசுவார்கள் என்றுதான் வந்தேன். உன் மனைவியின் பக்கத்தில் பத்மா அக்கா உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. ஏதோ பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கிறாராம். என்னை அடையாளம் கண்டு வெளியே எழுந்து வந்தார்.

"நீங்களும் வந்துட்டீங்களே சார். அவரு ஒங்களப் பத்தி எப்பவும் நல்லாத்தான் சொல்லுவாரு."

எதற்காக என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"என்னைய நிறுத்துன மறுவாரம் வீட்டுக்கு வந்தாரு சார். எம் புரோகிராம்தான்க்கா நீங்க அடிச்சத அழிச்சதுன்னாரு. மேனேஜர்ட்ட முன்னாடியே போயிச் சொல்லிட்டாராம். இந்தம்மாவுக்காக நீ பொய் சொல்றன்னு மேனேஜர் நம்பலையாம். ஒங்களக் கூப்பிட்டுக் கேட்டாராம். நீங்க ஒண்ணுமில்லன்னுட்டீங்க. அவன் என்னையக் காப்பாத்தணும்னு சொன்னதுதான்க்கா, அவன் மேல கோவப்படாதீங்கன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. வேலையெல்லாம் ஒண்ணும் வாங்கித் தரல சார். வருசா வருசம் தீபாவளிக்கு ஒரு ஃபோன் மட்டும் வரும்."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், அப்படித்தான் என்று ஒப்புக்கொள்கிற மாதிரி ஆட்டினேன். உன் வீட்டு வாசலில், உன் படத்துக்கு மாலை போட்டிருக்கும்போது, நீ எனக்குக் கொடுத்த அந்த நல்ல பெயரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். நீ என்னை டீக்குக் கூப்பிட்டதெல்லாம் ஒரு பேச்சுக்கு என்று நினைத்திருந்தேனே. எட்டு மாதமும் நீ என்னைக் காப்பாற்றியவன் என்று நினைத்தா கூப்பிட்டாய்? நான் முகம் திருப்பியதையெல்லாம், பாவம், உறுத்தலில் இருக்கிறான் என்றா எடுத்துக்கொண்டாய்? எவ்வளவு பெரிய முட்டாள் நீ!

போன ஞாயிற்றுக்கிழமை வில்லாபுரத்தில் பத்மா அக்கா வீட்டைத் தேடிப் போனேன். தண்ணீர் கொடுத்தார். குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாரம் முன்பே தெரியும் என்பது வரை சொன்னேன். அவர் திட்டவில்லை. நான் குடிக்காமல் வைத்த தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

"எம் பொழப்பு எப்பிடியோ ஓடிருச்சு சார். நீங்க நல்லவருன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு அவரு. சொல்றதுன்னா அவர்ட்டயில்ல சொல்லணும்?"

அதனால் சொல்கிறேன். மேனேஜர் கேட்ட அந்த நிமிஷம் உன்னை நான் நினைக்கவே இல்லை. ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டு ஏன் சும்மா இருந்தாய் என்று என்னைக் கேட்பாரே, அந்தப் பயம் ஒன்றுதான் மனதில் இருந்தது. நீ உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்திருந்தாய். அதைப் பொய்யாக்கியது என் வாய்தான். அந்த 'ஒண்ணும் இல்ல சார்' இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதைத் தள்ளிவிட வேறு ஆள் கிடையாது. என் மேல் கோபப்பட வேண்டாம் என்று பத்மா அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாய். கோபப்படு, மாப்ள.