புதுப் பெட்டிக்குப் போகாத பார்டர்கள்

ஆரணி,
28-10-2004

அன்பு மகள் காவ்யாவுக்கு உன் நைனா சுப்பராயலு எழுதுவது. இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. மனதுக்குத்தான் பத்து நாளாக நிம்மதியில்லை. காரணம் ஒரு கம்ப்யூட்டர், இல்லை, இரண்டு கம்ப்யூட்டர்கள். பெங்களூரில் நீயும் மாப்பிள்ளை நெடுஞ்செழியனும் சௌக்கியம்தானே?

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் ஹாலில் இருக்கிறது, பேசுவது அடுப்படி வரைக்கும் கேட்கும். தவிர, நடந்ததை வரிசையாகச் சொல்லாவிட்டால் நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கே தெரியாது.

நீ கேட்டது ஒரே ஒரு காரியம். நவம்பர் பதினைந்தாம் தேதி அந்தப் பட்டுக் கம்பெனியில் நேர்முகத் தேர்வு, உன் கையால் போட்ட டிசைன்களைக் காட்டினால்தான் வேலை, அவையெல்லாம் நம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இருக்கின்றன, அனுப்பி வை என்றாய். இதென்ன பிரமாதம் என்று நானும் சரியென்றேன். உன் அண்ணன் தனசேகரன் அதற்கு முந்தின வாரம்தான் வேலூரிலிருந்து புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்திருந்தான். அதில் சிடி எழுதும் வசதி உண்டு. பழையதிலிருந்து புதியதற்கு மாற்றி, சிடியில் எழுதி, கூரியரில் போட்டுவிடலாம் என்று திட்டம். பழைய பெட்டியை இந்த வெள்ளிக்கிழமை கடைக்காரன் எக்ஸ்சேஞ்சில் எடுத்துப்போய் எல்லாவற்றையும் அழித்துவிடுவான் என்பதால் அவசரமும்கூட. கடைக்காரன் கேட்டானாம், பழசில் உள்ளதைப் புதுசில் ஏற்றித் தரட்டுமா என்று. உன் அண்ணன், "பழசுல இருக்கறது எதுவும் புதுசுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இதை நான் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

முதல் நாள், அவன் முள்ளிப்பட்டுக்குத் தறி பார்க்கப் போன பிறகு உட்கார்ந்தேன். திரையில் உன் டிசைன்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக ப்ளாப்பியில் நகலெடுத்தேன். அத்தனையும் ஒரே ப்ளாப்பியில் அடங்கிவிட்டன. பரவாயில்லையே என்று நினைத்து, புதுப் பெட்டியில் போடலாமென்று போனால் அதில் ப்ளாப்பி நுழைக்கிற வாயே இல்லை! முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டில் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டேன். பழையதில் சிடி எழுத முடியாது, புதியதில் ப்ளாப்பி போட முடியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒன்றோடொன்று பேசாத இரண்டு சாமான்களை எந்தப் புத்திசாலி செய்து விற்கிறானோ!

கோட்டை மைதானத்துக்கு எதிரில் ப்ரௌசிங் சென்டர் வைத்திருக்கும் ஜெயச்சந்திரனிடம் எடுத்துப் போனேன். அவனிடம் ப்ளாப்பியும் உண்டு, சிடியும் உண்டு. போட்டுத் திறந்தான். திரையில் ஒரு டார்ச் விளக்கு இங்குமங்கும் அலைந்து எதையோ தேடியது. அவன் சிரித்தான். "சார், இது ஃபைலே இல்ல சார். எல்லாம் ஷார்ட்கட்டு. சரக்கு உங்க வீட்லயே கீது" என்றான். கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வழக்குக் கட்டை எடுத்து வா என்றால், கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று எழுதிய சீட்டை மட்டும் கிழித்துக்கொண்டு வந்த மாதிரி ஆயிற்று. என் கீழே வேலை பார்த்த ஒருவன் இதைச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

பென் டிரைவ் என்று ஒன்று இருக்கிறதாமே, அதில் ஆகாதா என்று கேட்டேன். "உங்க பெட்டில கீறது விண்டோஸ் தொண்ணூத்தெட்டு சார், அதுக்கு இது யாருன்னே தெரியாது" என்றான்.

சரியென்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை சீட்டை விட்டுவிட்டு சரக்கையே எடுத்தேன். ஒரு டிசைனுக்கு ஒரு ப்ளாப்பி. அன்னம், யானைக்கால் கட்டம், மாங்காய்க் கொடி, அந்த இரட்டைப்பேட்டு பார்டர் எல்லாம். ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டினேன். நடுவில் கரண்ட் போகும், போனால் திரும்ப அதே ப்ளாப்பி. உன் அண்ணன் வரும் சத்தம் கேட்டால் ப்ளாப்பிகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு பேப்பர் படிப்பேன். ஒரு நாள் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. உன் அண்ணி ஸ்வர்ணலதா வந்து நேராகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்படியாக ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வேலையை முடித்து, ப்ளாப்பிகளை பீரோவில் வைத்துப் பூட்டினேன். பூட்டி என்ன பயன்? சாவி உன் அம்மாவிடம்.

பூஜையன்று குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன்: தறிச் சாமான்கள், தையல் மெஷின், ஸ்கூட்டர் சாவி இவற்றோடு உன் ப்ளாப்பிகள் அத்தனையும் வாழை இலையில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். அதுவும் எங்கே? நகரும் அந்த வெள்ளித் தகடு இருக்கிறதே, சரியாக அதன் மேலே! என்ன காரியம் செய்தாய் என்று கேட்டதற்கு உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "எம்பொண்ணு வேலைக்கு எடுத்துகினு போற சாமானுங்க. பொட்டு வெக்காம எப்டிங்க அனுப்பறது? அந்தத் தகடுதான் வாகா இருந்துச்சி." உடனே துடைக்கலாமென்று கை வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுபூஜை ஆகாமல் எடுக்கக் கூடாதென்று கையைத் தட்டிவிட்டாள். உன் அம்மா அபிதகுசாம்பாளிடம் அப்பீல் கிடையாது, உனக்குத் தெரியும். மறுநாள் விஜயதசமிக்குக் கற்பூரம் காட்டிய பிறகுதான் கொடுத்தாள். அதற்குள் சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது.

ஈரத்துணியால் துடைத்தேன். நேராக ஜெயச்சந்திரனிடம் போயிருக்கலாம். என் புத்தி, எதையும் ஒரு தடவை சரிபார்க்காமல் விடாதே. நம் பெட்டியிலேயே போட்டுப் பார்த்தேன். அரிசி மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு அது எந்த ப்ளாப்பியையும் படிக்கவில்லை, புதிதாக எழுதவும் இல்லை. மீதியை ஜெயச்சந்திரனிடம் கொண்டு போனேன். அங்கேயும் அதே சத்தம். "இன்னா சார் இது, டிரைவ்ல சந்தன வாசன வருது!" என்று கத்தினான். பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

கோபம் தணிந்த பிறகு அவனே வழி சொன்னான். பழைய பெட்டியின் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, புதுப் பெட்டியைத் திறந்து அதற்குள் மாட்டினால் எல்லாம் அப்படியே வந்துவிடுமாம். ஆனால் புதுப் பெட்டியில் வாரண்டி சீல் ஒட்டியிருக்கிறது. அதை உடைக்க வேண்டும். உடைக்க வேண்டுமென்றால் தனசேகரனைக் கேட்க வேண்டும்.

இரண்டு நாள் கேட்கவில்லை. எத்தனையோ தடவை ஹால் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். நேற்று அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வெள்ளிக்கிழமைக்கு இடையில் ஒரே நாள்தான் என்று, கேட்டுவிட்டேன். ஏன் என்றான். காவ்யாவுக்கு வேலைக்கு வேண்டும் என்றேன். நீ உன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து இந்த வீட்டில் உன் பெயரை அவன் முன்னால் யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஸ்வர்ணலதாதான், ரசம் ஊற்றிக்கொண்டே, "முள்ளிப்பட்டு தறில இன்னிக்கும் ஓடறது அவ போட்ட அன்னம்தானே? நாம மட்டும் வெச்சிக்கலாமா?" என்றாள். "உன்ன யாரு கேட்டா?" என்றான் அவன். "கேக்கலதான். ரசம் போதுமா?" என்றாள் அவள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னான்: "நைனா, பத்து நாளா இதுக்குத்தான் துண்டுல மறைச்சிகினு திரிஞ்சீங்களா? புதுப் பெட்டிய எவனும் தொறக்கக் கூடாது. பழச குடுக்கல, கடைக்காரனுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். அவளுக்கு வேணும்னா அவளே வந்து எடுத்துகினு போவட்டும். தீபாவளி வரைக்கும் இங்கதான் இருக்கும்." கை கழுவப் போய்விட்டான்.

தெரிந்துதான் இருந்திருக்கிறான். நான் மறைத்ததெல்லாம் வீண் வேலை.

'அவளே' என்றானே, தனியாகவா, இருவருமாகவா என்று கேட்கத் துணிவு வரவில்லை. ராத்திரி உன் அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள், அதைக்கூடக் கேட்காமல் என்ன பேச்சுப் பேசினீர்கள் என்று. அவள் சொல்வதும் நியாயம். ஆனால் இன்று காலையில் ஸ்கூட்டரைக் கிளப்பியவன், கிளப்பியபடியே என்னைக் கூப்பிட்டு, "அந்தாளு சட்டை என்னா சைஸு?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "எதுதான் தெரியும் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஆகவே அம்மா காவ்யா, பழைய பெட்டியைத் துணி போட்டு மூடி உன் அறையிலேயே வைத்திருக்கிறேன். என்னால் அதிலிருந்து ஒன்றையும் எடுக்க முடியவில்லை, இனி முயற்சி செய்வதாகவும் இல்லை. இரண்டு பேருமாக வந்தால்தான் தூக்க முடியும், கனம் அதிகம். பண்டிகைக்கு முந்தின நாள் பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது, இரண்டு நாள் முன்னதாகவே புறப்படுங்கள். நேர்முகத் தேர்வுக்கு அதற்கப்புறமும் நாள் இருக்கிறது.

இந்த வீட்டில் முதல் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ள வரும் மாப்பிள்ளையின் சட்டை அளவு என்ன? இந்தக் கடிதம் கண்டவுடன் அதை மட்டுமாவது ஒரு கார்டில் எழுதிப் போடு. நாற்பதா, நாற்பத்திரண்டா? தப்பாகச் சொல்லி உன் அண்ணனிடம் இன்னொரு தடவை பேச்சு வாங்க என்னால் ஆகாது.

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி இருக்க வேண்டும் என்று, உன் அம்மாவின் ஆசியையும் சேர்த்து,

உன் நைனா,
ஆ. சுப்பராயலு