அந்த மண்ணை அள்ளிய கை

அன்புள்ள அங்கிள்,

நேற்று மேற்கிலிருந்து அடித்த காற்றில் எங்கள் ஹோம்புஷ் பகுதி முழுவதும் செம்மண் தூசி. பால்கனிக் கதிரையை ஈரத்துணியால் துடைக்கப் போனேன். மண் வாசனை மூக்கில் ஏற, உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. இப்படிக் காற்றடிக்கும் நாட்களில் நீங்கள் யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வருவீர்கள். சின்னம்மா புழுக்கத்தில் புறுபுறுப்பா.

யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து இங்கே தாதியாக இருந்த சின்னம்மாவை, நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரர் கட்டப் போகிறார் என்றதும் எங்கள் வீட்டில் பெரிய கதை. நீங்களோ விடைபெறும்போது சொல்வதை வாசலில் நுழையும்போதே சொன்னீர்கள்: "வணக்கம், போட்டு வாறன்!" அம்மா சிரித்த சிரிப்போடு எதிர்ப்பெல்லாம் முடிந்துபோனது.

நீங்கள் பட்டாளத்தில் இருந்தவர் என்று தெரியும். ஆனால் படைவீரர் நாளில் ஒருமுறைகூட அணிவகுப்புக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "நான் சண்டைக்குப் போனவன் இல்லை, மண் அள்ளப் போனவன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவீர்கள்.

என் மகள் பிறந்தபோதுதான் மிச்சம் தெரிந்தது. ஆஸ்பத்திரி அறை வாசலில், கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி நின்றீர்கள். பிள்ளையைத் தூக்கச் சொன்னேன். "பார்த்தால் போதும்" என்றீர்கள். எனக்குக் கோபம். பிறகு வீட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டே சின்னம்மா சொன்னா:

"கோவிக்காதை பிள்ளை. அணுகுண்டு வெடிச்சுப் பாத்த பாலைவனத்தில, நஞ்சான மண்ணை வழிச்சுப் புதைக்க இவரையும் அனுப்பினவை. புல்டோசர் ஓடினவர். அந்தத் தூசி இன்னும் தன்ர உடம்பில இருக்கெண்டு பயம். அதாலதான் பிள்ளையே வேண்டாமெண்டு இருந்திட்டார். டொக்டர்மார் ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லினம். மனுசன் நம்பினால்தானே!"

ஹெலன்ஸ்பர்க் கோயிலில் மகளுக்கு முதல் சோறு தீத்தியபோது எல்லோரும் ஒரு வாய் ஊட்டினோம். நீங்கள் தூணோடு ஒதுங்கினீர்கள். "அங்கிள், உங்கட முறை" என்றேன். தலையாட்டி மறுத்தீர்கள்.

சின்னம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கலியாணம் கட்டின நாளில இருந்து உங்கட கையாலதான் தேத்தண்ணி குடிக்கிறன். எனக்கு என்ன நடந்தது? கொம்பா முளைச்சிட்டுது?"

அவ்வளவு தமிழும் உங்களுக்கு விளங்கியதா தெரியாது. பக்கத்தில் நின்ற ஐயரே சிரித்துவிட்டார். நீங்கள் குழாயடிக்குப் போய் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினீர்கள். சட்டை நனைய வந்து, ஒரே ஒரு பருக்கை பொங்கலை அவள் வாயில் வைத்தீர்கள். அவள் உங்கள் விரலைப் பிடித்துக் கடித்தாள். விடவேயில்லை. நீங்களும் இழுக்கவில்லை. கண்ணீர் தாடியில் இறங்க நின்றுகொண்டிருந்தீர்கள். அன்று வீடு வரும்வரை பிள்ளை உங்கள் மடியில்தான்.

பிறகு உங்களுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. அந்த மண்ணால்தான் வந்ததா என்று எந்த டொக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "அங்கே போகாமல் இருந்திருக்கலாமே" என்று நான்தான் பொருமினேன்.

"யாராவது அள்ளத்தானே வேண்டும்," என்றீர்கள். "அந்த நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஆதிக்குடிகள் இப்போது திரும்பிப் போய் நடக்கிறார்கள். நினைக்க நன்றாயிருக்கிறது."

உங்களோடு அங்கே வேலை செய்த இரண்டு முதியவர்கள் ஊன்றுகோலோடு உங்கள் செத்தவீட்டுக்கு வந்தார்கள். இறந்த படைவீரர்களுக்கு வைக்கும் சிவப்புப் பொப்பிப் பூவைப் பெட்டியின் மேல் வைத்து, நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார்கள். அதுவரை அழாத சின்னம்மா அப்போது உடைந்துவிட்டா. போன மாதம் மகள் வகுப்பில் உங்களைப் பற்றிப் பேசியிருக்கிறாள். எந்தச் சண்டையில் இருந்தவர் என்று ஒரு பெடியன் கேட்டானாம். "சண்டை இல்லை, வேறு ஆட்கள் பழுதாக்கின இடத்தைத் துப்புரவாக்கினவர்" என்றாளாம். ஆசிரியை எழுந்து கை தட்டினாராம்.

கடைசி நாட்களில் ஒருமுறை, மனைவியின் அக்கா மகளைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். "பெறாமகள். பெறாத மகள்" என்றேன். 'ற' வராமல் சொல்லிச் சொல்லிப் பார்த்தீர்கள். பிறகு ஊசி போட வந்த தாதியிடம், நான் யாரென்று அவர் கேட்காமலே, என்னைக் காட்டிச் சொன்னீர்கள்: "பெராமகள்."

வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

உங்கள்
பெறாமகள்