வெயில் ஆகாத முப்பது நாள்

என் பிரியமுள்ள மாப்பிள்ளை பொன்னுசாமிக்கு,

கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்காதே. உன் மச்சான் ராசப்பன்தான். போன வருடம் முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு வரி முடியும்போதும் எனக்கே சிரிப்பு வருகிறது.

சந்தோஷம் அதோடு சரி. மற்றபடி சொந்தக்காரர்கள் என்னைப் பாடாய்ப் படுத்துகிறார்கள்.

உன்னைக் கொண்டுபோன புற்றுநோய் என் கன்னத்துக்குள்ளும் வந்துவிட்டது. சின்னப் புண்தான். சேலத்து டாக்டரம்மா, இன்னும் கடைக்கு வராத ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார். உனக்குச் சொன்னால் புரியும். நாம் ரிக் வண்டியில் போர் போட்டபோது கெட்டிப் பாறையில் தூசிதானே வந்தது? பொத்தல் பாறை என்றால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கும். அதுபோல இதுவும் பொத்தல் பொத்தலான பொடி, கண்ணுக்கே தெரியாதது. பொத்தலுக்குள் மருந்து. ஊசி வழியாகப் போய்ப் புண்ணில் தங்குகிறது. வாய்க்குள் சிவப்பு வெளிச்சம் அடித்ததும் விழித்துக்கொண்டு புண்ணைக் கருக்குகிறது.

ஒரு தடவை அடித்தாயிற்று. இன்னொரு தடவை அடிக்க வேண்டும். அதுவரை முப்பது நாள் வெயில் மேலே படக் கூடாது. மருந்து கொஞ்சம் உடம்பிலும் சுற்றுவதால் தோல் வெந்துவிடுமாம். வெந்தால் இரண்டாவது தடவை கிடையாது, கன்னத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வீட்டுக்குள் சின்ன பல்பு மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

இதை எத்தனை பேருக்குச் சொல்வது? ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறவர்கள் நேராக மேற்குச் சன்னலுக்குத்தான் போகிறார்கள். "சீக்காளி மொகத்தைப் பாக்காம போனா நல்லாவா இருக்கும்ங்க?" என்று ஜேடர்பாளையத்துச் சம்பந்தி கொண்டியில் கை வைக்கிறார்.

பொறுக்க முடியாமல் நானே பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன்: சன்னலைத் திறக்க வேண்டாம். என்ன நடந்தது தெரியுமா? நான் எழுதியதைப் பார்க்கத் தெருவே வந்துவிட்டது. உன் அக்கா அந்தத் தாளைப் பிய்த்து உள்ளே எடுத்து வந்து, "வெளிச்சத்துல பாருங்க, எங்கூட்டுக்காரர் எழுதுனது" என்று சன்னலைத் திறந்தாள். இந்த வயதில் கட்டிலுக்கு அடியில் புகுந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் மகன் முருகேசன் லாரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்க வந்தான். துண்டால் வாயை மூடிக்கொண்டே பேசினான். ஏன் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க மாமா, பல்லு வலி."

மாப்பிள்ளை, நீயும் இதையேதான் சொன்னாய். ஒரு வருடம் பல்வலி பல்வலி என்று, ரிக்கில் பக்கத்திலேயே நின்ற என்னையும் ஏமாற்றினாய். நான் திட்டுவேன் என்றா? சோறு இறங்காமல் போன பிறகுதான் வாயைத் திறந்து காட்டினாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாயைத் திறக்கச் சொன்னேன். மறுத்தான். நானே எழுந்து போய்ச் சன்னலைத் தள்ளினேன். மூன்று மணி வெயில். அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினேன்.

"மாமா, உங்க கையி."

"கை கெடக்குது. வாயத் தொறடா."

உள்கன்னத்தில் வெள்ளையாய் ஒரு திட்டு.

அவன் போனிலேயே டார்ச் இருக்கிறதே என்று பிறகு உன் அக்கா கேட்டாள். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

இடது கை கொப்பளித்துவிட்டது. டாக்டரம்மா போனில் திட்டினார். எனக்கு இரண்டாவது தடவை உண்டா இல்லையா என்று நேரில் பார்த்துத்தான் சொல்வாராம். வெட்டுவார்களோ என்னவோ. அவனையும் கூட்டிவரச் சொன்னார். வெள்ளைத் திட்டு எல்லாமே புற்று இல்லையாம், சீக்கிரம் காட்டினால் பிழைப்பது சுலபமாம்.

நாளைக்குப் போகிறோம். தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து போவேன். உன்னைக் கூட்டிப்போகத்தான் தவறினேன். அவன் எவ்வளவு முரண்டு பிடித்தாலும் டாக்டர் முன்னால் வாயைத் திறக்க வைக்காமல் திரும்ப மாட்டேன்.

உன் அக்காவைக் கட்டிய மச்சான்,
ராசப்பன்