பதினேழாம் பக்கத்துப் பெண்

கிரீன்பாயின்ட், புரூக்ளின்
9 அக்டோபர் 1973, செவ்வாய்

அன்புள்ள காஸ்,

நலமாக இருக்கிறேன் என்று எழுதிவிட்டு, அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டேன். அணைத்துத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமையிலிருந்து இப்படித்தான். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது.

கலிபோர்னியாவில் தொலைக்காட்சிக்காரர்கள் உன்னை எப்படி நடத்துகிறார்கள்? ஞாயிறு பூசை முடிந்து உன் அக்கா ஹெடி வந்தாள். ஒரு சட்டி முட்டைக்கோஸ் சுருட்டல் கொண்டுவந்தாள். “ஆறு மாசம் ஆச்சேடி, என்னிக்குத்தான் வர்றான்?” என்று கேட்டாள். குளிர் தொடங்குமுன் வருவாய் என்று வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பினேன். உன் அறையின் ஜன்னல் சட்டம் மழைக்கு ஊறி மூட மறுக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை ஆசிரியர் இர்வின் ‘புயற்காவலன்’ படக்கதையின் நூற்றுப்பதின்மூன்றாம் இதழுக்கான பென்சில் பக்கங்களைக் கொடுத்தார். வழக்கம்போல் உன் ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படங்களில் பேச்சு பலூன் போட்டு எழுத்துகளை நிரப்பிக்கொண்டே வந்தேன். பதினேழாம் பக்கத்தில் புயற்காவலனின் காதலி மார்னி செத்துப்போகிறாள். ஞாயிறுதோறும் மூன்று நிமிடம் தொலைபேசியில் பேசுகிறாய். இதை நீ சொல்லவில்லை.

கதைதானே என்பாய். அப்படித்தான் நானும் என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன். ஆனால் பதினோரு வருடமாக அவள் பேசியதையெல்லாம் இந்தக் கையால் எழுதியவள் நான். அவள் வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நாளைக்கு மழை வருமா என்று ஒரு தடவைகூட அவள் சொல்லி நான் எழுதியதில்லை. “காப்பாற்று!” என்று எத்தனை தடவை எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. வில்லனுக்குக்கூட நீ ஒரு தாயையும் ஒரு பழைய காயத்தையும் கொடுத்திருக்கிறாய். இவளுக்குக் கொடுத்தது ஒரு பச்சைக் கோட்டு. அதுவும் நான் சொல்லித்தான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலையும் என்னிடம்தானே இருக்கிறது. டொலீடோவில் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை செய்யும் ரோவீனா டிக்ஸ் என்ற பெண்மணி மூன்று வருடமாக எழுதுகிறார். மார்னியின் அம்மா உயிரோடு இருக்கிறாரா, புயற்காவலன் வராத இரவுகளில் அவள் என்ன சாப்பிடுவாள், அவளுக்கு எப்போதாவது அவன்மேல் சலிப்பு வருமா என்றெல்லாம் கேட்பார். உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்காமல் நானே கற்பனை செய்து எழுதினேன். அம்மா ஸ்க்ரான்டனில் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்க்கிறாள் என்றேன். அவன் வராத இரவில் நின்றுகொண்டே ரொட்டியும் சார்டினும் தின்பாள் என்றேன். அவருக்கு இப்போது என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதுவரை எழுதியது எளிது. இனி எழுதப்போவதற்காகத்தான் அடுப்பைப் பார்க்கப் போனேன்.

சாகும்போது மார்னி சொல்வதாக நீ எழுதியிருக்கிறாய்: “நீ போ. உனக்கு வேலை இருக்கு. நான் பார்த்துக்கிறேன்.” இந்த வார்த்தைகளை எங்கே எடுத்தாய் என்று உனக்குத் தெரியும். மார்ச் மாதம், மருத்துவமனையில், இறந்துபோன நம் குழந்தையை நர்ஸுகள் எடுத்துக்கொண்டு போன பிறகு நான் சொன்னது. நீ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். அன்று கதை கொடுக்கவேண்டிய நாள். நீ போனாய்.

மார்னி அதைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறாள். அடுத்த இரண்டு பக்கமும் அவன் மழையில் நின்று அழுகிறான். காஸ், அந்த வார்த்தையைச் சொன்னவள் சாகவில்லை. இரண்டு நாள் கழித்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். வாரம் முடியுமுன் நூற்றாறாம் இதழுக்கு எழுத்துப் போட்டாள். அவளுக்கு நீ ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை.

நேற்று காலை இர்வினிடம் போனேன். “இவ சாகத்தான் வேணுமா?” என்றேன்.

“ஜெனியா, காதலின்னா ரெண்டே முடிவுதான்மா. ஒண்ணு சாவு, இன்னொண்ணு கல்யாணம். கல்யாணம் பண்ணி வெச்சா எவன் வாங்குவான்?” என்றார்.

“பதினோரு வருஷமா அவளுக்கு ஒரு வீடு இல்ல, ஒரு தெரு இல்லையே!”

“தெரு இல்லாமயா? ஒவ்வொரு தடவையும் அதுலதானே வந்து விழறா!”

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் என்பதுதான் இன்னும் எரிகிறது. என் மேஜைக்குத் திரும்பி உன் வார்த்தைகளை வெள்ளை மையால் மூடினேன். காய்வதற்குள் பயம் வந்துவிட்டது. “போகாதே. எனக்கு பயமா இருக்கு” என்று எழுதினேன். பதினோரு வருடத்தில் எழுத்தாளரின் ஒரு காற்புள்ளியைக்கூட நான் மாற்றியதில்லை.

மறைக்க மனமில்லாமல் நானே இர்வினிடம் காட்டினேன். “இது அவன் எழுதினது இல்லையே” என்றார். இல்லை என்றேன். “அவன் கதைம்மா. சரின்னு அவன் சொல்லணும். இல்லன்னா நீயே பழையபடி எழுதித் தரணும்” என்றார். பதினாறாம் தேதி பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன.

தொலைபேசியில் சொன்னால் நான் அழுவேன், நீ வேலை இருக்கிறது என்பாய். அதனால் எழுதுகிறேன். வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல். ஆனால் அந்தப் பக்கத்தை என் கையால் திரும்ப எழுதச் சொல்லாதே.

உன்
ஜெனியா



20 அக்டோபர், சனி

அன்புள்ள காஸ்,

திங்கட்கிழமை உன் தந்தி இர்வினுக்கு வந்தது. “ஜெனியா எழுதியதே இருக்கட்டும்.” எனக்கென்று அதில் ஒரு சொல்கூட இல்லை. மூன்று நாள் ஆற்றங்கரைவரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். ஹெடி பார்த்துவிட்டு, “என்னடி, வாட்ச்மேன் வேலையா?” என்றாள். வியாழக்கிழமை உன் கடிதம் வந்தது.

அன்று உன்னைப் போகச்சொன்னது நான்தான் என்று எழுதியிருக்கிறாய். உண்மை. நான் சொன்னதை நம்பிப் போனாய் என்பதும் உண்மையாக இருக்கலாம். இத்தனை நாள் பழி முழுவதையும் உன் தலையில் கட்டிவைத்திருந்தேன்; கொஞ்சத்தை அவிழ்த்து எடுத்துக்கொள்கிறேன். அந்த நாளைப் பற்றி யாரிடமும் பேசமுடியாமல்தான் மார்னியின் வாயில் வைத்ததாகச் சொல்கிறாய். அந்த வரியை நான்கு தடவை படித்தேன். யாரிடமும் என்கிறாயே, நான் இருந்தேனே என்று கத்தவேண்டும்போல் இருந்தது. நீயும் தூங்காமல்தான் இருந்திருக்கிறாய் என்பதும் பிறகுதான் உறைத்தது.

மார்னி சாகத்தான் போகிறாள். படங்கள் மை போட்டு அச்சுக்கும் போய்விட்டன. ரோவீனாவுக்கு முன்கூட்டியே உண்மையை எழுதிவிட்டேன்; ஸ்க்ரான்டன் அம்மாவை உண்டாக்கியது நான்தான் என்பதையும் சேர்த்து. கோபித்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

நேற்று இர்வின் கூப்பிட்டு, அடுத்த இதழின் பின்பகுதியில் எட்டுப் பக்கம் இருக்கிறது, அவளைப் பற்றி எழுது என்றார். “அழுவாச்சியா எழுதிடாதம்மா” என்று மட்டும் சொன்னார். அவள் வேலைக்குப் போய் வரும் ஒரு சாதாரண நாளை எழுதுகிறேன். புயற்காவலன் அதில் வரமாட்டான். ஐந்து பக்கம் கிழித்துப் போட்டாயிற்று. உன்னிடம் காட்டமாட்டேன், நீ திருத்திவிடுவாய்.

நவம்பரில் நன்றி கூறும் பண்டிகைக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறாய். உன் வீட்டுக்கு வர என்ன கேள்வி? வா. ஹெடி வான்கோழிக்குச் சொல்லிவைத்துவிட்டாள். ஆனால் வந்ததும் கதையைப் பற்றிப் பேச ஆரம்பிக்காதே. இர்வினைப் பற்றியும் தொலைக்காட்சியைப் பற்றியும் பிறகு பேசிக்கொள்ளலாம். கோட்டைக்கூடக் கழற்றவேண்டாம், உட்கார்.

குழந்தைக்கு நான் ஒரு பெயர் வைத்திருந்தேன், காஸ். கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அந்தப் பெயர் என்னவென்று என்னைக் கேள்.

ஜெனியா