இரண்டாவது புகைபோக்கி

நுரைச்சோலை
08.05.2011

பாசமுள்ள முஃபீதா லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். சிக்னல் பிடிக்காத ஊருக்குத் திரும்பிப் போய்க் குடியேறி, என்னையும் கடிதம் எழுத வைத்துவிட்டீர்கள். எருக்கலம்பிட்டி வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டதா?

உங்கள் மகள் இனாஸைப் பற்றி யோசிக்க வேண்டாம். பள்ளிச் சோதனை முடியும்வரை அவள் என் பொறுப்பு. புத்தளத்துக்கு வகுப்புக்குப் போவதும், பொழுதுபடத் திரும்பி வருவதும் மற்றப் பிள்ளைகளோடு என் வேனில்தான்.

ஊர்ப் புதினம் ஒன்று. அனல் மின் நிலையத்தில் இரண்டாவது புகைபோக்கியும் எழும்பிவிட்டது. பின்னேரம் பாலாவி தாண்டி வரும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அதைக் கட்டுகிற சீனாக்காரன் கெட்டிக்காரன்தான்.

இன்னொன்று, சிரிக்கத்தான் சொல்கிறேன். பின்னேரமானால் என் இடது கண் இமை தானாக விழுந்துவிடுகிறது. "என்னடா அஸ்ஜத், ஆருக்குக் கண்ணடிக்கிறாய்?" என்று கடைத்தெருவில் ஒரே பகிடி. என் பெண்சாதி றஹ்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

உங்கள் தம்பி
அஸ்ஜத்

எருக்கலம்பிட்டி
17.05.2011

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். கூரை ஏறிவிட்டது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

உன் மச்சான் போன கிழமைவரை அனல் நிலையத்தில்தான் மேசன் வேலை செய்தார். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "இவனுக்கென்ன விசரா? அங்க ஒண்டுதான் நிக்கிது" என்றார். அப்படியானால் நீ பார்த்த மற்றது எது?

புகைபோக்கி இரண்டாகத் தெரிகிற கண்ணுக்கு எதிரே வருகிற பஸ்ஸும் இரண்டாகத்தானே தெரியும்? நாளைக்கே கண் டொக்டரிடம் போ. அதுவரை வேனைத் தொடாதே.

லாத்தா
முஃபீதா

நுரைச்சோலை
30.05.2011

அன்புள்ள லாத்தாவுக்கு,

சலாம். போனேன். காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். டொக்டர் விரலை அங்கும் இங்கும் ஆட்டிப் பார்க்கச் சொன்னார், வெளிச்சம் அடித்தார். ஒரு குறையும் இல்லையாம். பின்னேரக் கதையை நான் எடுக்கவில்லை. எடுத்தால் எதையாவது எழுதிப்போடுவார், என் லைசன்ஸ் போய்விடும். வேறு என்ன தொழில் எனக்குத் தெரியும்?

பயப்படாதீர்கள். இரண்டாகத் தெரிந்தால் ஒரு கண்ணைப் பொத்திக்கொள்கிறேன். உடனே ஒன்றாகிவிடும். இந்த ரோட்டில் பழகிய கை. மச்சானிடம் சொல்லுங்கள், எனக்கு விசர் இல்லை.

அஸ்ஜத்

எருக்கலம்பிட்டி
09.06.2011

தம்பி,

ஒற்றைக் கண்ணால் பிள்ளைகளை ஏற்றி ஓட்டுகிறேன் என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா?

மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு கண் டொக்டரம்மாவிடம் கேட்டேன். காலையில் நன்றாக இருந்து, பொழுது போகப் போகக் களைத்து விழுவது ஒரு வருத்தமாம், தசை நோயாம். நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராதாம். இமையைத் தூக்குகிற தசையும் களைக்கும், கண்ணை அசைக்கிற தசையும் களைக்கும். அதனால்தான் இரண்டாகத் தெரிகிறதாம். கவனிக்காமல் விட்டால் விழுங்குவதும் மூச்சு எடுப்பதும்கூடச் சிலருக்குக் கஷ்டமாகும் என்றார். மாத்திரை இருக்கிறதாம்.

விழுந்த இமைமேல் கொஞ்ச நேரம் ஐஸ் வைத்துப் பார்க்கச் சொன்னார். இமை எழும்பினால் அந்த வருத்தமாக இருக்கலாம். வைத்துப் பார், எழும்பினால் பின்னேரத்திலேயே போய் டொக்டரிடம் காட்டு. என் செல்ல வாப்பா அல்லவா, கேள்.

லாத்தா

நுரைச்சோலை
21.06.2011

லாத்தா,

ஐஸ் வைத்தேன். இமை எழும்பிவிட்டது! இவ்வளவு லேசான வைத்தியத்துக்கா இத்தனை பயம் காட்டினீர்கள்? இப்போது மீன்கடையில் ஐஸ் வாங்கிப் பிளாஸ்கில் போட்டு வேனிலேயே வைத்திருக்கிறேன். திரும்பி வரும்போது பாலாவியில் நிறுத்தி இமைமேல் வைத்துவிட்டு, இரண்டு கண்ணும் திறந்தபடி ராசா மாதிரி ஓட்டுகிறேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இனாஸ் போன கிழமையிலிருந்து பஸ்ஸில் போகிறாள். கேட்டால், "உம்மா வேணாமெண்டு சொல்லி அனுப்பின" என்கிறாள். மற்றப் பிள்ளைகள் முன்னால் என் மூக்கு அறுபட்டது. என் வேன் பிழையென்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிழைதானே? உங்கள் பிள்ளையை மட்டும் ஏன் இறக்கினீர்கள்?

அஸ்ஜத்

எருக்கலம்பிட்டி
29.06.2011

தம்பி,

நீ கேட்ட கேள்வி சரி. என் பிள்ளையை மட்டும்தான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஐஸ் வருத்தத்தைக் கண்டுபிடிக்கத்தான். சுகமாக்குவதற்கு அல்ல. உனக்கு இனி எழுதிப் பிரயோசனமில்லை. அதனால் வேன் முதலாளி ஹயாத்து முகம்மது ஹாஜியாருக்கு எல்லாவற்றையும் எழுதி, நீ வேனை எடுக்காதபடி உன்னிடமிருந்து அதன் திறப்பை வாங்கச் சொல்லி இதே தபாலில் அனுப்புகிறேன். என்னோடு கோபமாக இரு. உயிரோடு இருந்து கோபமாக இரு.

முஃபீதா

நுரைச்சோலை
20.09.2011

முஃபீதா லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளன்றுகூட உங்களுக்குச் சலாம் சொல்லி அனுப்பவில்லை. வேண்டுமென்றுதான் அனுப்பவில்லை.

ஹாஜியார் எல்லோருக்கும் முன்னால் திறப்பைக் கேட்டார். கொடுத்தேன். நிக்கொலஸ் என்று ஒரு புது டிரைவர். அவனுக்குப் பிள்ளைகளின் வீடுகளைக் காட்டிக்கொடுக்க என்னை முன் கதிரையில் இருத்தினார்கள். உங்களைப் பொய்யாக்க வேண்டும் என்று அன்றைக்கும் பாலாவியில் ஐஸ் வைத்தேன். இமை எழும்பியது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

கொஞ்ச தூரத்தில் ஓரமாக இரண்டு லொறிகள் நின்றன. நடுவில் ஒரு வேன் போக இடம் இருந்தது. நிக்கொலஸ் வலப்பக்கம் வெட்டினான். "டேய், நடுவால விடு, இடமிருக்கு!" என்று கத்தினேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "என்ன நடு அண்ணே? ஒரு லொறிதானே நிக்குது."

இமை முழுதாக விழுந்து கிடந்தவரை ஒரு கண்தான் பார்த்தது. ஐஸ் வைத்துத் தூக்கியதும் இரண்டும் பார்த்தன, ஆனால் ஒன்றாகப் பார்க்கவில்லை. நான் ஓட்டியிருந்தால் அந்த லொறிக்குள்தான் விட்டிருப்பேன். ஐஸ் வைத்து ஓட்டிய நாட்களில் வழியில் ஒரு லொறியும் நிற்காதது அல்லாஹ்வின் காவல். பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன், லாத்தா.

அடுத்த நாள் பின்னேரமே டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அந்த வருத்தம்தான். மாத்திரை போடுகிறேன். இந்த வருத்தத்தோடு நெஞ்சுக்குள் கட்டியும் வரலாமாம், அதையும் ஸ்கேன் பண்ணினார்கள், பயமில்லை. இமை இப்போது நிற்கிறது. இரண்டாகத் தெரிவதுதான் பொழுதுபடும் நேரத்தில் இன்னும் முழுதாகப் போகவில்லை. போகும்வரை வேன் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். நானும் திறப்பைத் திருப்பிக் கேட்கவில்லை.

திறப்பை வாங்க வைத்ததை மன்னித்துவிட்டேன். இனாஸை மட்டும் இறக்கியதை இன்னும் மன்னிக்கவில்லை. அதற்கு நீங்கள் நேரில் வந்துதான் கதைக்க வேண்டும். பின்னேர பஸ்ஸில் வராதீர்கள், காலை பஸ்ஸில் வாருங்கள். இரண்டு லாத்தாவோடு சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை.

உங்கள் தம்பி
அஸ்ஜத்