முன்வரிசைக்கு ஆர் கோச்?

ரண்டர்ஸ், டென்மார்க்,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

அன்பு மகன் ஜெரோசனுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், தங்கச்சி செலீனாவும் ஓல்போர்க்கில் படிப்பும் சோதனையுமாகச் சுகமாக இருக்கிறாள். நீயும் அங்கே உடம்பில் நோவு இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லாய் இருக்கவேண்டுமென்று காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். முகம் பார்த்துப் போனில் கதைக்கிற காலத்தில் அம்மா ஏன் பேப்பரும் பேனையுமாக வந்தாள் என்று நினைப்பாய். நீ போனை எடுத்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? "ஸ்டொப் நு, மோர்" என்று டேனிஷில் மூன்று சொல் அனுப்பினாய், நிறுத்துங்கோ அம்மா என்று, அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பேப்பரில் எழுதினால் நடுவில் கட் பண்ண ஏலாதுதானே, ஆகையால் முழுக்க வாசி, வாசித்துவிட்டுக் கோபப்படு.

முதலில் இருந்தே சொல்கிறேன், ஏனென்றால் உன் ரீம் பெடியள் ஆளுக்காள் அனுப்பிச் சிரித்த அந்தப் பெற்றோர் கூட்டத்து வீடியோத் துண்டில் என் வாய் மட்டும்தான் தெரிந்திருக்கும், என் வயிற்றெரிச்சல் தெரிந்திராது. போன மாதம் நீங்கள் கேவலமாகத் தோற்ற அந்த மட்ச் அன்று வீடு நிறைய ஆட்கள். செலீனா வந்து லப்ரொப்பை ரிவியில் கொழுவித் தந்தாள், ஹ்விடோவ்ரேயிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்திருந்தார்கள், நான் கட்லட் பொரித்து வைத்திருந்தேன். பெரியப்பா இந்த அமெரிக்கன் ஃபுட்போலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். இடது கரையில் குனிந்து நிற்கிறதுதான் எங்கள் ஜெரோசன் என்று நான் காட்ட, அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, பெடியன் பந்தைத் தொடவே இல்லையே, தொடாமல் விளையாடுறதுக்கோ அமெரிக்கா வரைக்கும் போனவன்?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் கட்லட் தட்டைத் திரும்பக் குசினிக்குக் கொண்டுபோய்விடலாம் போல இருந்தது. பந்தை எறிகிறவன் எறியவேண்டுமென்றால் அவனுக்கு முன்னால் ஐந்து பேர் நின்று இடி வாங்கவேண்டும், அவன் தலையை நிமிர்த்திப் பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரத்தை வாங்கிக் கொடுக்கிறதுதான் என் பிள்ளையின் வேலை, அவன் முதுகுப் பக்கத்தால் வருகிறவனை அவனுக்குத் தெரியாது, என் பிள்ளைக்குத்தான் தெரியும் என்று சொன்னேன். "ஓம் ஓம்" என்றுவிட்டு அவர் இன்னொரு கட்லட்டை எடுத்தார்.

பிறகு நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய், நானும் மறக்கவில்லை. உனக்குப் பக்கத்தில் வழக்கமாக நிற்கிற பெடியனுக்கு முழங்கால் சரியில்லையென்று ஒரு புதுப் பெடியனை விட்டிருந்தார்கள். எதிர் ரீமில் உன் முன்னால் நின்றவன் உள்ளுக்குப் பாய, அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் சுற்றிக்கொண்டு வெளியால் வந்தான். நீயும் அந்தப் பெடியனும் ஆளை மாறிப் பிடித்திருக்கவேண்டும். நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஆளைப் பிடித்தீர்கள். சுற்றி வந்தவன் நேரே போய்ப் பந்தை எறிகிற உங்கள் குவார்ட்டர்பேக்கின் விலாவில் இடித்தான், அந்தப் பிள்ளை விழுந்து எழும்பமுடியாமல் கிடந்ததைப் பார்த்துப் பெரியம்மா "ஐயோ ஆண்டவரே" என்று கத்திவிட்டா. அந்தப் புதுப் பெடியனோடு நீ ஒருநாளும் ஒழுங்காகச் சேர்ந்து விளையாடிப் பழகவே இல்லை என்று நீதானே எனக்குச் சொன்னாய்? அது அந்த வர்ணனைக்காரனுக்குத் தெரியுமா? உன் பெயரைச் சப்பித் துப்பிவிட்டு, இந்த ரீமின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது என்று உன்னைச் சுற்றி ஒரு வட்டம் கீறிக் காட்டினான். அதையாவது விடலாம், அவன் கூலிக்குக் கத்துகிறவன். மட்ச் முடிந்து உங்கள் தலைமைக் கோச் மைக்குக்கு முன்னால் வந்து நின்று, முன்வரிசை எங்களைக் கைவிட்டுவிட்டது என்று சொன்னாரே, அதை நான் எப்படி விடுவது? முன்வரிசையைக் கைவிட்டது ஆர்? அடுத்த நாளே உன்னை விளையாடவிடாமல் வாங்கில் இருத்தினார்கள். நத்தார் லீவுக்கு வருகிறேன், வந்தால் திரும்பிப் போகமாட்டேன் என்று நீ எழுதினாய். அப்பா அதை வாசித்துவிட்டு வாசலில் கிடந்த சப்பாத்துகளை அடுக்கத் தொடங்கினார், ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் உன்னை ஹாண்ட்போலுக்கு எடுக்காமல், இவ்வளவு பெரிய உடம்போடு நீ வாசலில் காவலுக்கு நின்றால் போதும் என்று சிரித்தவர்கள் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு ஓல்போர்க்குக்கு பஸ் ஏறிப்போய், அந்த உடம்பை வேண்டுமென்று கேட்கிற ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்துப் பழகி, அதாலேயே ஒரு கல்லூரி உன்னைக் கடல் கடந்து கூப்பிடும் அளவுக்கு வந்தாய். அப்படி வந்த பிள்ளையை, தாங்கள் விட்ட பிழைக்குப் பழி போட்டு அனுப்பப் பார்க்கிறார்கள் என்றால் நான் பேசாமல் இருப்பேனா?

கூட்டத்தில் நடந்ததை இப்போது சொல்கிறேன், நீ வீடியோவில் பாராத பாகத்தையும் சேர்த்து. பெற்றோருக்கான ஸூம் கூட்டம் என்று எனக்கும்தான் அழைப்பு வந்தது, நான் களவாகப் போகவில்லை. கோச் படங்கள் போட்டு விளக்கினார். அடுத்த வருசம் புதிதாக ஒரு குவார்ட்டர்பேக் வருவாராம், பந்து பிடிக்க மின்னல் வேகத்தில் இரண்டு பேர் வருவார்களாம், எல்லாம் மாறிவிடுமாம். பெற்றோர் எல்லாரும் பெட்டி பெட்டியாகத் தலையாட்டினார்கள். முன்வரிசை என்ற சொல்லே அவருடைய வாயில் வரவில்லை. நான் கையை உயர்த்துகிற அந்தப் பொத்தானை அமத்தினேன். அப்பா பக்கத்தில் கமராவுக்குத் தெரியாமல் இருந்துகொண்டு "வேண்டாம் தவமணி" என்று என் சட்டையை இழுத்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன், பந்து பிடிக்கிறவர்களுக்கு ஒரு கோச் இருக்கிறார், ஓடுகிறவர்களுக்கு ஒரு கோச் இருக்கிறார், எறிகிறவருக்கு ஒரு கோச் இருக்கிறார், முன்வரிசைக்கு ஆர் கோச்? நீ எனக்குச் சொன்னபடியே, இருந்தவர் கோடையில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார், அந்த இடம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது, போன வருசம் படிப்பு முடித்த ஒரு பெடியன் விசில் ஊதிக்கொண்டு நிற்கிறான், உண்மையா இல்லையா என்றும் கேட்டேன். அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, நல்ல கேள்வி, உங்கள் மகன் மிக நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். என் பிள்ளை நல்ல பிள்ளையோ என்று நான் அவரிடம் கேட்டேனா? அது எனக்குத் தெரியாதா?

நான் கையை இறக்கவில்லை. இவ்வளவு நாளும் உன் மட்ச் ஒவ்வொன்றையும் பார்த்து, விளங்காததை உன்னிடமும் செலீனாவிடமும் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இந்த அறிவு வந்தது, சரியோ பிழையோ மனதில் இருந்ததைச் சொன்னேன். பின்னால் எத்தனை கெட்டிக்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் முன்னால் நிற்கிற ஐந்து பேரையும் மாற்றி மாற்றி விட்டால் ஒன்றும் நடக்காது. ஒரே ஐந்து பேர் ஒன்றாகப் பழகட்டும், அவர்களுக்கென்று ஒரு கோச் வரட்டும். அப்போதுதான் பிடிக்கிறவன் ஓடிப்போய்ச் சேர நேரம் கிடைக்கும், பந்தோடு ஓடுகிறவனுக்கு ஒரு வழி திறக்கும், பந்து எங்களிடம் கன நேரம் நின்றால் தடுத்து ஆடுகிற மற்றப் பெடியளும் இருந்து மூச்சு விடலாம். ஐந்து பேரைத் திருத்தினால் ரீம் முழுக்கத் திருந்தும், நீங்கள் அதை விட்டுவிட்டு மின்னலைத் தேடுகிறீர்கள் என்றேன். மின்னல் என்ற இடத்தில் சிலபேர் சிரித்தார்கள், உன் பெடியள் வெட்டி எடுத்த துண்டு அதுதான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஆரும் உனக்குக் காட்டினார்களா? ஒரு பெண் கமராவைப் போட்டா, கண் வீங்கியிருந்தது. விலாவில் அடிபட்ட அந்த குவார்ட்டர்பேக்கின் தாய். "அந்த அம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ கோச்" என்றா, இங்கிலீஷில்தான். "என்ர மகன் மூச்சு இழுக்கேக்கை அழுகிறான். அவனை விழுத்தினது அவவின்ர மகன் இல்லை." பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கைகள் உயர்ந்தன. கோச் சிரிப்பை நிறுத்திவிட்டு எதையோ எழுதத் தொடங்கினார். அப்பா என் சட்டையை விட்டுவிட்டார்.

அந்தக் கிழமையே உங்களுக்கென்று ஒரு கோச்சைக் கூட்டிவந்ததும், ஐந்து பேரையும் தனியாக வைத்துப் பழக்கத் தொடங்கியதும், உன்னைத் திரும்ப உன் இடத்தில் விட்டதும் எல்லாம் அந்தத் தாய் எழுதித்தான் எனக்குத் தெரியும். அவ இப்போது எனக்கு அடிக்கடி எழுதுகிறா. நான் பெற்ற பிள்ளையின் செய்தியை இன்னொரு தாயிடம் கேட்டு அறியவேண்டிக் கிடக்கிறது, இதற்கு ஆரில் கோபப்படுவது, சொல்லு. நீ செலீனாவுக்குச் சொன்னாயாம், "அம்மா என்ர மானத்தை வாங்கிப்போட்டா, நான் சொன்ன கதையை ஏன் அங்கை போய்ச் சொன்னவ?" என்று. எந்த மானம் ராசா? வாங்கில் இருத்தியபோது போகாத மானமா, உன்னைச் சுற்றி வட்டம் கீறியபோது போகாத மானமா, உன் தாய் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டதும் போய்விட்டது? நீ சொன்ன கதையில் களவும் இல்லை பொய்யும் இல்லை. உண்மையைக் கேட்டு வெட்கப்படவேண்டியது அந்த வெறும் இடத்தை மாதக்கணக்காக நிரப்பாமல் விட்டவர்கள்.

நேற்றைய மட்சை நானும் அப்பாவும் தனியாக இருந்து பார்த்தோம். வெளியே ஐஸ் மழை, அப்பா தோள்மூட்டு நோவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு போர்வையோடு கதிரையில் இருந்தார். தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. நீங்கள் ஐந்து பேரும் ஒரு ஆள் மாதிரி அசைந்தீர்கள். அதே மாதிரி ஒருவன் உள்ளுக்குப் பாய மற்றவன் சுற்றி வந்தான், நீயும் அந்தப் புதுப் பெடியனும் ஒருவரையொருவர் பாராமலே ஆளை மாறிப் பிடித்தீர்கள், நான் எழும்பி நின்று கத்திவிட்டேன், பக்கத்து வீட்டு டேனிஷ்காரி சுவரில் தட்டினா. விலா ஆறி வந்திருந்த குவார்ட்டர்பேக் அவசரப்படாமல் நின்று எறிந்தான். கடைசியில் அந்த ஓடுகிற பெடியன் உன் பக்கத்தால் பிரித்துக்கொண்டு போய்ப் புள்ளி எடுத்தான், கனகாலத்துக்குப் பிறகு நீங்கள் வென்றீர்கள். வர்ணனைக்காரன் என்ன சொன்னான்? ஓடினவனின் கால் என்ன கால், எறிந்தவனின் கை என்ன கை. ஐந்து பேரில் ஒருவனுடைய பெயரையும் சொல்லவில்லை. தோற்றால் வட்டம் கீறத் தெரிகிறது, வென்றால் பெயர் வாயில் வராதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா போன் எடுத்து, "அந்த ஓடின பெடியன் என்ன கெட்டிக்காரன் பிள்ளை" என்றார். நான் கதைத்தால் குடும்பம் பிரியும் என்று போனை அப்பாவிடம் நீட்டினேன். அவர் தன் தமையனுக்கு மறுவார்த்தை சொல்லி நான் இத்தனை வருசத்தில் கேட்டதில்லை. "அண்ணை, அவன் ஓடினதுக்கு வழி வெட்டிக் குடுத்தது என்ர மகன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். கண்ணைத் துடைத்தார், எண்ணெய் பட்டுவிட்டது என்றார்.

கமரா ஓடினவனுக்குப் பின்னால் போய்விட்டது. ஆனால் அது திரும்புவதற்கு முன் ரிவியின் கீழ் மூலையில் நீ எழும்பியதை நான் கண்டேன். விழுந்து கிடந்த அந்தப் புதுப் பெடியனுக்குக் கை கொடுத்துத் தூக்கினாய், இரண்டு பேரும் தலைக்கவசத்தை முட்டிக்கொண்டீர்கள். அவ்வளவுதான். அங்கே இருந்த சனம் முழுக்க மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த விளையாட்டை விட்டுவிட்டு வரப்போகிறவன் அப்படித் தலையை முட்டமாட்டான் என்று எனக்குப் பட்டது. பிழையென்றால் சொல்லு. உனக்கு மனம் விட்டுப்போய் வருகிறாய் என்றால் வா, உன் அறை அப்படியே இருக்கிறது, ஆரும் ஒரு கேள்வி கேட்கவிடமாட்டேன். ஆனால் மற்றவன் விட்ட பிழையைத் தலையில் சுமந்துகொண்டு வராதே, அதை மட்டும் நான் பொறுக்கமாட்டேன்.

அடுத்த பார்சலில் மிளகாய்த்தூளும் தடித்த காலுறையும் வருகிறது. கழுத்து நோவுக்கு டொக்டரிடம் போகாமல் மாத்திரை போட்டுச் சமாளிக்காதே. ஞாயிற்றுக்கிழமை எழும்பினால் ஒருதடவை கோயிலுக்குப் போய் வா. என்னோடு கதைக்க விருப்பமில்லையென்றால் அப்பாவுக்காவது போன் எடு, அவர் ஒன்றும் கேட்கமாட்டார், உன் குரலைக் கேட்டால் காணும் அவருக்கு. ஆண்டவர் உன் கால் இடறாமலும் முதுகு வளையாமலும் காத்து, உனக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளையும் காப்பாராக.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் கூட்டம் தை மாதம் திரும்பவும் இருக்கிறதாம், என்னைக் கட்டாயம் வரச்சொல்லி அந்த குவார்ட்டர்பேக்கின் தாய் எழுதியிருக்கிறா. வந்திருக்கிற கோச்சை வருசம் முழுக்க வைத்திருப்பீர்களா என்று கேட்கவேண்டியிருக்கிறது. நீ எத்தனை மொழியில் நிறுத்தச் சொன்னாலும் நான் போவேன்.

உன்னில் கோபமும் அதைவிட அன்பும் உள்ள,
அம்மா
தவமணி தேவராஜா